கற்பிக்கும் பொறி செய்த பேராசிரியர் ஸ்கின்னர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

பி.எட். படிக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் தேர்வுக்காக உருப்போடும் பெயர்களுள் ஸ்கின்னர் என்பதும் ஒன்று. எலி, புறா, பெட்டி ஆகிய மூன்று சொற்களோடு அவர் வரலாறு பெரும்பாலும் முடிந்துவிடும். நான் இயற்பியல் மாணவன். உளவியல் என் பாடமன்று. ஆயினும் இவ்வாண்டு மலருக்குப் புகழ்பெற்ற ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு தமிழ்ப் பேராசிரியர் பணித்தபோது, நியூட்டனையும் இராமனையும் விட்டுவிட்டு இவரைத் தேர்ந்துகொண்டேன். காரணம் உண்டு. இன்று கல்லூரி மாணவருக்கு வேலைத் திறன் கற்பிக்கக் கைப்பேசிக்குள்ளேயே ஓர் ஆசிரியர் குடிவந்துவிட்டார். செயற்கை நுண்ணறிவு ஆசிரியர் என்பது அவர் பெயர். ஆங்கிலம் பேசப் பழக்குகிறார், நேர்முகத் தேர்வு நடத்துகிறார், நிரல் எழுதச் சொல்லித் தருகிறார். அந்த ஆசிரியருக்குப் பாட்டன் முறை ஆகவேண்டிய ஒரு பெட்டியை 1953-ஆம் ஆண்டிலேயே செய்யத் தொடங்கியவர் ஸ்கின்னர். பேரனைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது. பாட்டனை யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

பர்ரஸ் ஃபிரெடெரிக் ஸ்கின்னர் 1904-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவஹானா என்னும் சிற்றூரில் பிறந்தார். ரயில்வேயை நம்பி வாழ்ந்த ஊர் அது. தந்தையார் வழக்கறிஞர். குடிசையில் பிறந்து கோபுரம் ஏறியவர் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. நல்ல வீடும் நல்ல பள்ளியும் அவருக்குக் கிடைத்தன.

சிறுவயதில் அவர் கை சும்மா இருந்ததில்லை. தள்ளுவண்டி, சறுக்குவண்டி, தெப்பம் என்று எதையாவது செய்துகொண்டேயிருப்பார். பழைய கொதிகலன் ஒன்றைக் கொண்டு நீராவிப் பீரங்கி செய்து, உருளைக்கிழங்கையும் காரட்டையும் குண்டுகளாக்கி அண்டை வீட்டுக் கூரைக்கு மேலே சுட்டிருக்கிறார். இரவு உடையைக் கொக்கியில் மாட்டாமல் போட்டுவிட்டு வருகிறார் என்று தாயார் ஓயாமல் கண்டித்தார். மகன் என்ன செய்தார் தெரியுமா? கொக்கியிலிருந்து கயிறு ஒன்றை இழுத்து, உடை கொக்கியில் இல்லையென்றால் ஓர் அறிவிப்பு அட்டை அறை வாயிலின் நடுவில் வந்து தொங்குமாறு அமைத்துவிட்டார். உடையை மாட்டினால் அட்டை மேலே போய்விடும். ஒருவரைத் திட்டித் திருத்துவதைவிட அவரைச் சுற்றியுள்ள அமைப்பைத் திருத்துவதே எளிது என்பது பிற்காலத்தில் அவருடைய கொள்கையாயிற்று. அக்கொள்கை அந்தக் கொக்கியில்தான் பிறந்தது போலும்!

அவருக்கு மேரி கிரேவ்ஸ் என்ற ஆசிரியை இருந்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் உண்மையில் ஃபிரான்சிஸ் பேகன்தான் என்று தந்தை வாயிலாகக் கேள்விப்பட்ட சிறுவன், அதை வகுப்பில் அப்படியே அறிவித்துவிட்டான். விவரம் தெரியாமல் பேசுவதாக ஆசிரியை கடிந்துகொண்டார். சிறுவன் அன்றே நூலகத்துக்குப் போய்ப் பேகனைப் படிக்கத் தொடங்கினான். ஷேக்ஸ்பியர் வழக்கு என்னவாயிற்றோ, பேகன் மட்டும் அவரை விடவில்லை. ஏட்டில் உள்ளதை நம்பாதே, இயற்கையைச் சோதித்துப் பார் என்ற பேகனின் போக்கு வாழ்நாள் முழுவதும் அவருடன் வந்தது. ஒரு நல்ல ஆசிரியை கடிந்துகொண்டாலும் மாணவன் நூலகத்துக்குத்தான் போகிறான். பிற்காலத்தில் பொறியை ஆசிரியராக்க முயன்றவரின் வாழ்க்கையில் இப்படியோர் ஆசிரியை இருந்ததை நாம் மறக்கலாகாது.

ஹாமில்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து 1926-இல் பட்டம் பெற்றார். எழுத்தாளராக வேண்டும் என்பதே அவர் கனவு. கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் அவருடைய சிறுகதைகளைப் படித்துவிட்டு ஊக்கமூட்டிக் கடிதம் எழுதியிருந்தார். இதைவிட என்ன வேண்டும்? ஸ்கிரான்டன் நகரில் இருந்த பெற்றோர் வீட்டின் மேல்மாடத்தில் எழுத்தறை ஒன்றை அமைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுத்து வரவில்லை. மாதங்கள் ஓடின. பட்டம் பெற்ற மகன் வேலை எதுவுமின்றி வீட்டில் இருந்தான். அந்தக் காலத்தை அவர் பின்னாளில் தம் இருண்ட ஆண்டு என்றே குறிப்பிட்டார். தம்மிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கு வந்தாராம்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். பட்டம் வாங்கிய பின் ஓர் ஆண்டு வீட்டில் உட்கார்ந்து, என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று கண்டுகொள்ளும் வசதி எனக்குக் கிடையாது. எங்கள் வகுப்பில் பலருக்கும் கிடையாது. ஆகவேதான் வேலைத் திறன் என்ற சொல் எங்கள் காதில் விழும்போது பாடத்தின் பெயராக விழுவதில்லை, வீட்டு வாடகையாக விழுகிறது. ஸ்கின்னருக்கு அந்த ஓராண்டு கிடைத்தது நல்லதே. அந்தக் காலத்தில்தான் அவர் ரஷிய அறிஞர் பாவ்லோவையும் வாட்சனையும் படித்தார். மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, வெளியே தெரியும் நடத்தையை அளக்க வேண்டும் என்ற கருத்து அவரைப் பற்றிக்கொண்டது. 1928-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராகச் சேர்ந்து 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இனிதான் எலி வருகிறது. பெட்டிக்குள் ஒரு நெம்புகோல். எலி அதை அழுத்தினால் சிறு உணவு உருண்டை ஒன்று விழும். எழுதுகோல் ஒன்று சுழலும் காகிதத்தில் ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு படி மேலே ஏறும். வரைகோட்டின் சாய்வு செங்குத்தானால் எலி விரைந்து அழுத்துகிறது என்று பொருள்; கிடையானால் அழுத்துவதை நிறுத்திவிட்டது. முதலாண்டு செய்முறைத் தேர்வில் வரைபடத்தாளில் சாய்வு கண்டவர்கள் யாரும் இதை உடனே புரிந்துகொள்வார்கள். உள்ளத்தை அளக்கச் சாய்வைப் பயன்படுத்திய மனிதர் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

உணவு உருண்டைகளை அவரே கையால் செய்ய வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை மாலையில் எண்ணிப் பார்த்தால் கையிருப்பு திங்கட்கிழமைக்குத் தாங்காது. உடனே ஒவ்வோர் அழுத்தலுக்கும் உருண்டை தருவதை நிறுத்திவிட்டு, நிமிடத்துக்கு ஒன்று என்று குறைத்தார். எலி சோர்ந்து போகும் என்றல்லவா நாம் நினைப்போம்? எலி விடாமல் சீராக அழுத்திக்கொண்டேயிருந்தது. எப்போதாவது மட்டும் கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைக்கும் பரிசைவிட வலிமையாகக் கட்டிப்போடுகிறது என்னும் பெரிய உண்மை இவ்வாறு உருண்டைப் பஞ்சத்தில் பிறந்தது. ஒரு செயலின் விளைவு அச்செயலை மீண்டும் செய்யத் தூண்டுமானால் அதை வலுவூட்டல் என்பர். 1938-இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் உயிரிகளின் நடத்தையைப் பற்றியது. அதில் இவையெல்லாம் விரிவாக உள்ளன.

1936-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அவ்வாண்டே ஈவான் புளூ அம்மையாரை மணந்தார். ஜூலி, டெபோரா என இரு பெண்மக்கள். இரண்டாம் உலகப்போரின்போது புறாக்களைப் பழக்கி ஏவுகணையை இலக்குக்கு நடத்தும் முயற்சி ஒன்றில் இறங்கினார். மினியாபொலிஸ் நகரில் மாவு ஆலை ஒன்றின் மேல்தளத்தில் வேலை நடந்தது. கண்ணாடியில் தெரியும் இலக்கின் உருவத்தைப் புறா கொத்தும். அந்தக் கொத்தல் ஏவுகணையைத் திருப்பும். புறாக்கள் தவறாமல் கொத்தின. அதிகாரிகள்தாம் நம்பவில்லை, 1944-இல் திட்டம் கைவிடப்பட்டது. வீண்போயிற்று என்று சொல்ல முடியாது. சிறு சிறு படிகளாகப் பரிசளித்துக்கொண்டே போனால் எந்த உயிரையும் முன்பு அது செய்யாத செயலைச் செய்யப் பழக்கலாம் என்பதை அந்த ஆலையில்தான் அவர் கைகண்டார்.

டெபோரா பிறந்தபோது, குளிரும் தூசியும் தாக்காத வெப்பம் சீரான கண்ணாடித் தொட்டில் ஒன்றைச் செய்தார். 1945-இல் மகளிர் இதழ் ஒன்றில் அதைப் பற்றி எழுதினார். மகளை எலிபோல் பெட்டியில் அடைத்தார், அவள் பித்தாகிவிட்டாள் என்றெல்லாம் வதந்தி கிளம்பியது. யாவும் பொய். டெபோரா வளர்ந்து ஓவியக் கலைஞராக இலண்டனில் வாழ்ந்தார்.

அந்த டெபோராதான் கற்பிக்கும் பொறிக்கும் காரணமானார். 1953 நவம்பர் 11 அன்று, நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கத் தந்தை போனார். அப்போது அவர் மீண்டும் ஹார்வர்டில் பேராசிரியர். பின்வரிசையில் அமர்ந்து பார்த்தார். ஆசிரியை கரும்பலகையில் கணக்குகளை எழுதினார். பிள்ளைகள் போட்டனர். சிலர் விரைவில் முடித்துவிட்டு வேலையின்றி நெளிந்தனர். சிலர் ஒன்றும் புரியாமல் விழித்தனர். போட்ட விடை சரியா தவறா என்பது அன்று எவருக்கும் தெரியாது. தாள்களை வாங்கிக்கொண்டு போய்த் திருத்தி அடுத்த நாள் தருவார். ஆசிரியையின் பேரில் குற்றமில்லை. அத்தனை பேருக்கு ஒருவர் என்ன செய்வார்? ஆனால் எலிக்கும் புறாவுக்கும் ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் நியாயம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்று ஸ்கின்னருக்குப் பட்டது. செய்தது சரியா என்று உடனே தெரியவேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் செல்லவேண்டும். இவ்விரண்டும் அங்கே இல்லை. சில நாட்களுக்குள் முதற்பொறியைச் செய்துவிட்டார்!

உடனே தெரிவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நான் அப்பாவின் தொழிலில் பார்த்திருக்கிறேன். சித்தாளாகச் சேர்ந்து கொத்தனாரானவர் அவர். எந்தப் பள்ளியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் நான்கு வரிசை செங்கல் வைத்ததும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் சுவர் சாய்ந்திருப்பது தெரிந்துவிடும். ரசமட்டத்தில் குமிழி ஒருபுறம் ஒதுங்கினால் போதும். மேஸ்திரி வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாம் பருவத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கிறோமே, அதற்குள் அடுத்த பருவத்தின் பாதிச் சுவர் எழும்பிவிடுகிறது.

பொறியின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முதற்பொறியில் கணக்கு ஒன்று சாளரத்தில் தெரியும். மாணவன் எண்கள் எழுதிய நகர்விகளைத் தள்ளி விடையை அமைப்பான். குமிழைத் திருப்பினால், விடை சரியாக இருந்தால் மட்டுமே அடுத்த கணக்கு வரும். 1954 மார்ச்சில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இதை அறிஞர்முன் இயக்கிக் காட்டினார். பின்னர்க் கல்லூரி மாணவர்க்கென வேறு பொறி வந்தது. 12 அங்குலத் தட்டு ஒன்றில், இசைத்தட்டு அளவுதான், 30 வினாக்கள் ஆரங்களாக அச்சிடப்பட்டிருக்கும். சாளரத்தில் ஒரு வினா மட்டும் தெரியும். மாணவன் பக்கத்திலுள்ள காகிதச் சுருளில் தன் விடையை எழுதவேண்டும். நெம்புகோலைத் தூக்கினால் எழுதிய விடை கண்ணாடிக்குக் கீழே போய்விடும். இனி அதை மாற்ற முடியாது. அதே வேளையில் சரியான விடை வெளிப்படும். இரண்டையும் ஒப்பிட்டு மாணவனே தீர்ப்புச் சொல்வான். சரியாக விடையளித்த வினா அடுத்த சுற்றில் வராது. தவறியவை மட்டும் திரும்பத் திரும்ப வரும். எல்லாம் சரியானதும் தட்டு எங்கும் நிற்காமல் சுற்றும். மின்னணுவியல் ஏதுமில்லை. வெறும் நெம்புகோலும் பற்சக்கரமும்!

இதற்கு முன்பே, 1920-களில், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிட்னி பிரெஸ்ஸி என்ற பேராசிரியர் ஒரு பொறி செய்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஸ்கின்னர் அதை மறைக்கவில்லை. அவருக்குரிய புகழை எழுத்திலேயே தந்தார். பிரெஸ்ஸியின் பொறியில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து பொத்தானை அழுத்தவேண்டும். பொருளாதாரப் பெருமந்தத்தில் அதை வாங்குவாரில்லாமல் 1932-இல் அவர் முயற்சியைக் கைவிட்டார். இருவர்க்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றும். எனக்கு அதுவே இக்கட்டுரையின் உயிர். தேர்ந்தெடுத்தால் போதாது, மாணவன் தன் விடையைத் தானே ஆக்கவேண்டும் என்றார் ஸ்கின்னர். அடையாளம் காண்பது வேறு. வெறும் தாளில் தன் கையால் எழுதுவது வேறு. போட்டித் தேர்வுகளுக்கு நான்கு வட்டங்களுள் ஒன்றைக் கருக்கிப் பழகிவிட்ட நாம் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆனால் தெரியாததை எப்படி எழுதுவது? அதற்குத்தான் சிறு படிகள். மேனுஃபேக்சர் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலைக் கற்பிக்க அவர் ஆறு சட்டகங்கள் அமைத்தார். முதலில் சொல் முழுதாக இருக்கும், பார்த்து எழுதவேண்டும். பிறகு அதன் பகுதிகள் வேறு சொற்களோடு தொடர்புபடுத்தப்படும். பிறகு ஓரிரு எழுத்துகள் மறையும். இறுதியில் வெற்றுக் கோடு மட்டும். சொல் முழுவதும் மாணவனிடமிருந்தே வரும். ஊன்றுகோலைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வது போன்ற வேலை இது. இயற்பியலுக்கும் ஒரு நிரல் எழுதினார். டார்ச்சு விளக்கின் மின்கலத்திலும் பல்பிலும் தொடங்கி, 35 சட்டகங்களில் மெழுகுவர்த்தியின் சுடர் ஏன் ஒளிர்கிறது என்பதுவரை அது கொண்டுபோய் விடுகிறது. படிக்கும்போது எனக்கு ஒரு சட்டகத்தில்கூடச் சலிப்பு வரவில்லை என்று சொல்லமாட்டேன். படிகள் மிகவும் சிறியவை. ஆயினும் இதை எழுதியவர் மாணவனுக்கு எங்கே தடுக்கும் என்று வரிவரியாக எண்ணிப் பார்த்தவர் என்பது விளங்குகிறது.

1950-களின் பிற்பகுதியில் ஹார்வர்டில் மனித நடத்தை பற்றிய தம் பாடத்தையே பொறிக்கு மாற்றினார். ஜேம்ஸ் ஹாலண்ட் என்பவரோடு சேர்ந்து 48 தட்டுகள் தயாரித்தார். ஏறக்குறைய 200 மாணவ மாணவியர் அவற்றில் பயின்றனர். எந்த வினாவில் பலரும் தவறுகிறார்கள் என்பது காகிதச் சுருளைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போது மாணவரைக் குறைகூறாமல் வினாவைத் திருத்தி எழுதினர். இது பெரிய மனம். பாடம் புரியவில்லையென்றால் பாடம் எழுதியவர் மீது பழி போடும் முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை!

வேலைத் திறன் பயிற்சிக்கும் இம்முறை விரைவில் சென்றது. அமெரிக்க விமானப்படையில் மின்னணுக் கருவிகளின் பழுது கண்டறியும் பயிற்சிக்கு நார்மன் கிரௌடர் என்பவர் வேறொரு வகை நிரலை அமைத்தார். தவறான விடையைத் தேர்ந்தால் ஏன் தவறு என்று விளக்கும் கிளைப்பாதைக்கு அது அனுப்பும். மாணவன் தவறவே கூடாது என்று ஸ்கின்னர் எண்ணினார். தவறட்டும், தவறிலிருந்து கற்கட்டும் என்று கிரௌடர் எண்ணினார். இதில் என் வாக்கு கிரௌடருக்கே. பழுது பார்ப்பவனுக்குச் சிறு படிகளை யார் வரிசையாக அடுக்கித் தருவார்கள்? 1960-களில் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் ஊழியர் பயிற்சிக்கு நிரல்வழி நூல்களைப் பெருவாரியாகப் பயன்படுத்தின. 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணிப்பொறிக் கற்பித்தல் அமைப்பும் தொடங்கிவிட்டது.

பிறகு சரிவு. பொறி செய்து விற்க முன்வந்த நிறுவனங்கள் காலம் கடத்தின; சில கைவிட்டன. பொறி கிடைத்தால் அதற்கு நல்ல பாடம் இல்லை. அவசரமாக எழுதிய பாடங்கள் மாணவரைச் சலிப்படையச் செய்தன. 1959-இல் நோம் சோம்ஸ்கி என்ற இளம் மொழியியல் அறிஞர் ஸ்கின்னரின் மொழி பற்றிய நூலைக் கடுமையாக மறுத்து எழுதினார். ஒருபோதும் கேளாத வாக்கியத்தைக் குழந்தை புதிதாகப் பேசுகிறதே, அதை வலுவூட்டலால் மட்டும் எப்படி விளக்குவது என்பது அதன் சாரம். 1971-இல் மனித சுதந்திரத்தையும் மாண்பையும் கேள்விக்குள்ளாக்கி ஸ்கின்னர் எழுதிய நூல் பெரும்புயலைக் கிளப்பியது. மனிதனைப் புறாவாக்குகிறார் என்று பலர் சினந்தனர். அந்தச் சினத்தில் நியாயம் உண்டு. எந்தப் பரிசை யார் வைப்பது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை எனக்கு நிறைவு தரவில்லை. உருண்டைப் பஞ்சத்தில் அவர் கண்ட உண்மையைத்தான் இன்று கைப்பேசி விளையாட்டுகள் நம் விரல்களின் மீது நடத்திக்கொண்டிருக்கின்றன.

அவருடைய சொல் மட்டும் விசித்திரமான வழியில் திரும்பி வந்துவிட்டது. இன்று உரையாடும் செயற்கை நுண்ணறிவைப் பழக்குவதில் ஒரு கட்டம், மனிதர்கள் விரும்பிய விடைக்கு மதிப்பெண் தந்து வலுவூட்டுவது. முன்பு பொறி மாணவனைப் பழக்கியது. இப்போது பொறியையே அவ்வழியில் பழக்குகிறார்கள்.

ஹார்வர்டில் 2023-ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில், இயற்பியல் தொடக்கப் பாடத்தில் 194 மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். அங்கே செயற்கை நுண்ணறிவு ஆசிரியரிடம் பயின்றோர் நல்ல வகுப்பறையில் பயின்றோரைவிடக் குறைந்த நேரத்தில் கூடுதலாகக் கற்றனர். 2025-இல் முடிவு வெளியாயிற்று. அந்த ஆசிரியருக்கு இடப்பட்ட கட்டளைகளைக் கவனியுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் காட்டு, முழு விடையையும் கொட்டிவிடாதே. ஸ்கின்னரின் தட்டு அல்லவா இது! துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் நடந்த ஆய்வோ மறுபக்கத்தைக் காட்டியது. கேட்டதற்கெல்லாம் விடை தரும் உரையாடியைக் கணக்குப் பயிற்சிக்குக் கொடுத்தபோது பயிற்சியில் மதிப்பெண் ஏறியது. அதைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, அதைக் கண்ணால் காணாத மாணவரைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தனர். குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த ஆசிரியரிடம் பயின்றோருக்கு அந்த இழப்பு பெரும்பாலும் நேரவில்லை.

நம் நிலைக்கு வருகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் மொட்டை மாடியில் நின்று, ஆங்கிலத்தில் என்னைப் பற்றி இரண்டு நிமிடம் கைப்பேசி ஆசிரியரிடம் சொல்லிப் பழகுகிறேன். அது சிரிப்பதில்லை. பத்தாவது முறையும் பொறுமையாகக் கேட்கிறது. இறந்தகாலத்தில் தொடங்கி நிகழ்காலத்துக்குத் தாவினால் அங்கேயே நிறுத்திச் சொல்கிறது. அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் எந்தப் பேராசிரியராலும் எனக்கு இதைச் செய்ய இயலாது. பயிற்றுக் கட்டணம் கட்டி நகரத்தில் பழகும் பிள்ளைகளுக்கும் எனக்கும் உள்ள தூரம் இதனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பதை நன்றியோடு சொல்கிறேன்.

வேறொரு பயிற்சிச் செயலியும் எங்களுக்குத் தரப்பட்டது. அதில் காணொளியைக் கடைசிவரை ஓடவிட்டு, நான்கில் ஒன்றைத் தொட்டு, தவறினால் மறுபடி தொட்டுக்கொண்டே போனால் சான்றிதழ் வந்துவிடும். விடையையும் அதுவே எழுதித் தரும். நாம் பெயரை மட்டும் போடலாம். சான்றிதழ் அழகாகத்தான் இருக்கிறது. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். நேர்முகத் தேர்வில் எதிரே உட்காருபவர் நெம்புகோலைத் தூக்கிவிடுவார்; எழுதியது கண்ணாடிக்குக் கீழே போய்விடும்; அப்புறம் மாற்ற முடியாது.

ஸ்கின்னர் 1974-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவில்தான். விடியுமுன் எழுந்து வீட்டின் கீழ்த்தள அறையில் எழுத உட்காருவார். மேசை விளக்கைப் போட்டால் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். எழுதிய நேரத்தை அது கணக்கிடும். எழுதிய சொற்களைத் தம் எலிகளின் வரைகோட்டைப் போலவே வரைந்து வைத்தார். தமக்குத் தாமே எலியானவர் என்று சொல்லலாம். 1980-களில் சிறு கணிப்பொறிகள் வந்தபோது, தாம் தேடிய பொறி இதுதான் என்று மகிழ்ந்து எழுதினார். தம் காலத்தில் பற்சக்கரத்தால் முடியாததை இது செய்யும் என்று நம்பினார். கூடவே, பாடம் எழுதுவது இன்னும் மனிதரின் வேலையாகவே இருந்தது.

1989-இல் அவருக்கு இரத்தப் புற்றுநோய் எனக் கண்டனர். 1990 ஆகஸ்டு 10 அன்று பாஸ்டன் நகரில் அமெரிக்க உளவியல் கழகத்தின் கூட்டத்தில், கையில் குறிப்பு ஏதுமின்றிச் சுமார் பதினைந்து நிமிடம் பேசினார். அப்போது வயது 86. அந்தப் பேச்சையே கட்டுரையாக எழுதித் திருத்திக்கொண்டிருந்தார். ஆகஸ்டு 17 அன்று திருத்தம் முடிந்தது. மறுநாள் காலமானார். கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே மௌண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கற்பிக்கும் பொறிகளுள் ஒன்று வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மரப்பெட்டி, மேலே உலோக மூடி, சாளரத்துக்குப் பக்கத்தில், மாணவன் எழுதுவதற்கு ஒரு சிறு இடைவெளி.